செடான் பார்க்கப் போகிறீர்களா? முதலில் பின் சீட்டில் ஏறுங்கள்

பிஎம்டபிள்யூ 5 சீரிஸோ பென்ஸ் ஈ கிளாஸோ, திருகோணமலையிலிருந்து வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கொழும்பில்தான் ஓடிப் பார்க்கிறார்கள். கார்பட் வீதியில் பத்து நிமிடம் ஓடினால் எந்தக் காரும் சொகுசுதான். கொஞ்சம் உடைந்த ஒழுங்கை ஒன்றையும் தேடிப்பிடித்து அதற்குள் விட்டுப் பாருங்கள்.

பெரிய பிழை, ரிம்மின் அழகில் மயங்குவது. 5 சீரிஸில் 225/55 ஆர்17, அதாவது 17 அங்குல ரிம்முக்கான டயர் என்றால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே ஏறத்தாழ 124 மில்லிமீற்றர் ரப்பர் இருக்கும். அதே காருக்குப் பெரிய 20 அங்குல ரிம்மோடு 245/35 ஆர்20 போட்டால் அது 86 ஆகிவிடும். குழியில் விழும் அடியை முதலில் வாங்குவது அந்த ரப்பர்தான். அது குறைந்தால் மிச்சம் முதுகுக்கு. ரன்-பிளாட் டயரா என்றும் கேளுங்கள். காற்றுப் போனாலும் 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேற்படாமல், 80 கிலோமீற்றர் வரை போகலாம் என்பார்கள். சரி, ஆனால் அப்படிப்பட்ட காரில் பெரும்பாலும் ஸ்பெயார் வீல் இருக்காது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் இறங்கி நிற்க யாருக்கு விருப்பம்? யானை வரும் வீதி அது.

அடுத்தது, ஓட்டுகிறவர் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது. அம்மாவைப் பின்னால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். சீட் தாழ்வு, சேலையோடு எழும்புவது லேசில்லை. நடுவில் இருப்பவரின் காலுக்குக் கீழே தரை மேடாக இருக்கும், ஐந்து பேர் என்பது பேச்சுக்குத்தான். மத்தியானம் ஒரு மணி நேரம் வெயிலில் விட்டபின் ஏசியைப் போட்டு, குளிர் பின் சீட்டுக்கு எப்போது வருகிறது என்று பாருங்கள்.

பூச்சியத்திலிருந்து நூறு எத்தனை செக்கன் என்ற கணக்கு எங்களுக்கு எதற்கு? ஊருக்கு வெளியே காருக்கு வேக எல்லை 70, அதிவேகப் பாதையோ திருகோணமலைக்கு வரவில்லை. மண் டிப்பருக்குப் பின்னால் 40இல் போகும்போது, நாலு பேரும் முழு ஏசியுமாக, மிதித்தவுடன் கியர் இறங்கி இழுக்கிறதா என்பதுதான் கேள்வி.

பிளக்-இன் ஹைபிரிட் (பெற்றோலோடு, பிளக்கில் சார்ஜ் போட்ட பற்றரியிலும் ஓடுவது) என்றால் டிக்கியைத் திறந்து பாருங்கள். முந்தைய தலைமுறை 5 சீரிஸில் 530 லீற்றர், அதன் 530ஈ ரகத்தில் 410தான். பற்றரி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் நின்ற பழைய கார் என்றால், ஜாக்கில் ஏற்றி அடிப்பக்கத்தில் துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.