பொறியியல் கலந்தாய்வு: விண்ணப்பம் முதல் விடுதி அறை வரை

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் மதிப்பெண்ணுக்கு அடுத்தபடியாக ஒரு மாணவரின் கல்லூரியைத் தீர்மானிப்பது, எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று அவரே வரிசைப்படுத்தும் விருப்பப் பட்டியல்தான். ஆண்டுதோறும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இதை வாயால் விளக்கி வந்தேன். எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியதால் இந்தப் பதிவு.

படி 1: பதிவு செய்தல்

தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கலந்தாய்வு இணையதளத்தில் பதிவு செய்யும்போது, வீட்டில் எப்போதும் கையில் இருக்கும் செல்பேசியின் எண்ணையே கொடுங்கள். என் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு பிரவுசிங் சென்டரில் இருந்தவர் அவசரத்தில் தம் எண்ணையே பதிந்துவிட்டார். பிறகு ஒவ்வோர் ஓ.டி.பி.க்கும் அந்தக் கடை திறக்கும்வரை அவன் வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

படி 2: சான்றிதழ்கள்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றோடு, குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் இ-சேவை மையம் வழியாகப் பெற்றுக்கொள்ளுங்கள். அது கல்விக் கட்டணத்தில் சலுகை தரும். தேர்வு முடிவு வந்தபின் விண்ணப்பித்தால் கூட்டத்தில் சிக்கிக்கொள்வீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கான பகுதியை நிரப்ப மறக்கவே கூடாது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

படி 3: கட்-ஆஃப் கணக்கு

தரவரிசைக்காகக் கணக்கிடும் மதிப்பெண்தான் கட்-ஆஃப். கணித மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களில் பாதிப் பாதியைக் கூட்ட வேண்டும். கணிதம் 92, இயற்பியல் 86, வேதியியல் 88 என்றால் 92 + 43 + 44 = 179; மொத்தம் 200க்கு. ஒரே கட்-ஆஃப் பெற்றவர்களுக்குள் முதலில் கணிதமும் அடுத்து இயற்பியலும் பார்க்கப்படும். எதிலும் வேறுபாடு இல்லாதபோதுதான் ரேண்டம் எண்ணுக்கு, அதாவது ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கணினி குலுக்கல் முறையில் தரும் எண்ணுக்கு, வேலை வரும்.

படி 4: விருப்பப் பட்டியல்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கணினி முதலில் தரவரிசைப்படி மாணவர்களை எடுத்துக்கொள்கிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் காலியாக உள்ள முதல் விருப்பத்தை ஒதுக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே நீங்கள் எழுதிய எதையும் அது பார்ப்பதில்லை. ஆகவே, கிடைக்காது என்று தோன்றும் இடத்தை மேலே எழுதுவதால் எந்த நட்டமும் இல்லை. "எப்படியும் கிடைத்துவிடும்" என்று வீட்டருகே இருக்கும் தனியார் கல்லூரியை முதலில் எழுதி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியை இரண்டாவதாக எழுதுவதுதான் நட்டம்.

ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணைக் காட்டும் சென்ற ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலைப் பார்க்கும்போது உங்கள் சாதிப் பிரிவுக்குரிய பத்தியையே பாருங்கள். பொதுப் பிரிவு எண்ணைப் பார்த்து மனம் தளர்பவர்கள் பலர். உங்கள் மதிப்பெண்ணுக்குச் சற்று மேலும், நிகராகவும், நன்றாகக் கீழும் உள்ள இடங்களை எடுத்து, ஒவ்வோர் இணையையும் "இரண்டும் கிடைத்தால் எதில் சேர்வேன்?" என்று கேட்டு வரிசைப்படுத்துங்கள். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் எழுதலாம். பத்தோடு நிறுத்திவிட்டு இடமே கிடைக்காமல் போனவர்கள் உண்டு. கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: சென்னை கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம்) கல்லூரிக்கு 4. ஒரே மாதிரிப் பெயருடைய கல்லூரிகள் நம் மாநிலத்தில் ஏராளம். பட்டியலை முதலில் நோட்டில் எழுதி, வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர் திரையில் பார்த்துச் சரிபார்ப்பது நல்லது.

படி 5: தற்காலிக ஒதுக்கீட்டுக்குப் பதில்

ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுச் சேரலாம், அல்லது ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கலாம், அல்லது மறுக்கலாம். காத்திருப்பு என்பது பட்டியலில் ஒதுக்கப்பட்ட இடத்துக்கு மேலே உள்ளவற்றுக்கு மட்டுமே பொருந்தும். பட்டியலின் வரிசை இங்கும் பேசுகிறது. அவகாசம் மிகக் குறைவு என்பதால் அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் வேண்டாம்.

படி 6: முதல் செமஸ்டர்

தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு முதல் மாதம் காதில் விழுவதெல்லாம் ஆங்கிலமாகவே இருக்கும். கணிதப் பாடத்தின் சமன்பாடுகள் பழகியவையே. புதியவை அவற்றைச் சூழ்ந்த சொற்கள்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்றன்று கேட்ட கலைச்சொல்லையும் அதன் தமிழையும் எழுதி வந்தால், முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்குள் வகுப்பு பிடிபடத் தொடங்கும்.

என்ஜினியரிங் கிராபிக்ஸை இரவோடு இரவாகப் படித்துத் தேற முடியாது. வாரம் இரண்டு படமாவது கையால் வரைந்து பழக வேண்டும். முதல் ஆண்டு அரியர் அடுத்த செமஸ்டரின் பாடங்களோடு சேர்ந்து வந்து நிற்கும். வருகைப் பதிவில் 75 விழுக்காடு கட்டாயம் என்பதால், ஊர்த் திருவிழாவுக்கு எடுக்கும் விடுப்பையும் கணக்கில் வையுங்கள்.

விடுதியில் ராகிங் தொல்லை இருந்தால் 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம். தூக்கமின்றி, சாப்பாடு இறங்காமல் மனம் சோர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். இரண்டையும் சேர்க்கை நாளன்றே செல்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். தேவைப்படும் இரவில் தேடிக்கொண்டிருக்க முடியாது.