லினக்ஸுக்கு மாறும் வீட்டில் பிள்ளைக்கு எந்த சிஸ்டம் வாங்குவது?

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. திருச்சியில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுக்க வருபவர்கள்கூட இப்போது கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, வீட்டு சிஸ்டத்துல விண்டோஸ் 11 ஏற மாட்டேங்குது. பையனுக்குப் புதுசு வாங்கணுமா, லினக்ஸ் போட்டா போதுமா?"

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம், மின்ட் அதில் ஒரு வகை. ஏழாவது படிக்கும் என் மகளுக்கு லினக்ஸ் மின்ட் போட்ட டெஸ்க்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: தாராளமாக லினக்ஸுக்கு மாறுங்கள். ஆனால் நாளைக்கு வேண்டுமானால் விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளவும் தோதான பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஏழாவதில் ஸ்க்ராட்ச் என்கிற சிறுவர் புரோகிராமிங் தளத்தில் விளையாடுகிற பிள்ளை, பன்னிரண்டாவது வரும்போது எந்தக் கோச்சிங் சென்டரில் சேரும், அவர்கள் தேர்வு எழுத எந்த சாஃப்ட்வேரைப் போடச் சொல்வார்கள் என்று இப்போது யாருக்குத் தெரியும்?

வாங்கும் முன் ஒரு வேலை. வீட்டில் இருக்கும் பழைய கணினியிலேயே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். 8 ஜி.பி. பென்டிரைவ் போதும். மின்ட் கோப்பு கிட்டத்தட்ட 3 ஜி.பி. இருக்கும், ரூஃபஸ் அல்லது வென்டாய் என்கிற செயலியை வைத்து அதைப் பென்டிரைவில் ஏற்றலாம். கணினியை ஆன் செய்ததும் டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்.பி. என்றால் எஃப்9 தட்டிக்கொண்டே இருந்தால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். ஹார்ட் டிஸ்கில் எதையும் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து லினக்ஸே இப்படித்தான் என்று முடிவுகட்ட வேண்டாம்.

அதில் பிள்ளையை உட்கார வைத்து, தினமும் செய்வதை எல்லாம் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் செய்து பார்ப்பதில் பயனில்லை. யூடியூப், கூகுள் கிளாஸ்ரூம், ஸ்க்ராட்ச் எல்லாமே பிரவுசரில் ஓடும். ஸூமுக்கு லினக்ஸ் பதிப்பே உண்டு. படிப்பைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 11ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்திலேயே லினக்ஸும் ஓப்பன் ஆபீஸ் ரைட்டரும் பாடமாக இருக்கின்றன. 12ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் நிரல்மொழி. அது லினக்ஸில் கூடவே வருகிறது.

சண்டை வருவது விளையாட்டில்தான். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு ஓடும், பெட்ராக் பதிப்புக்கு லினக்ஸ் வடிவம் இல்லை. ராப்லாக்ஸ் நிறுவனம் லினக்ஸுக்கு எதுவும் வெளியிடவில்லை. வேலரன்ட் ஓடவே ஓடாது, அதன் ஏமாற்றுத் தடுப்பு விண்டோஸை விட்டு நகராது. உங்கள் பிள்ளை ராப்லாக்ஸில் குடியிருக்கிற ஆள் என்றால், சொல்லாமல் கொள்ளாமல் மாற்றிவிட்டு அப்புறம் சமாதானம் பேச வேண்டாம். முதலிலேயே பேசிவிடுங்கள். என் மகளுக்கு மைன்கிராஃப்ட் ஜாவா போதுமாக இருந்தது, நான் தப்பித்தேன்.

சரி, பெட்டிக்கு வருவோம். பிள்ளைக்குப் புதிதாக அசெம்பிள் செய்து தருவதைவிட, அலுவலகங்களில் ஓடி வெளியே வரும் பிராண்டட் டெஸ்க்டாப்களைத்தான் நான் சொல்வேன். டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர். கட்டுமானம் உறுதியாக இருக்கும், லினக்ஸும் வம்பில்லாமல் ஏறும். இதற்காகச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போக வேண்டியதில்லை. எல்லா ஊரிலும் ரீஃபர்பிஷ்டு கடைகள் வந்துவிட்டன.

கடைக்காரர் "ஐ5 சார்" என்பார். அதை மட்டும் நம்பி ஒன்றும் செய்ய முடியாது. ஐ5-4590 என்பதும் ஐ5, ஐ5-8500 என்பதும் ஐ5. கோட்டுக்குப் பிறகு நாலு இலக்கம் இருந்தால் முதல் எண்தான் தலைமுறை, ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு எண்கள். முன்னது நாலாம் தலைமுறை, பின்னது எட்டாம் தலைமுறை. இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்டின் அனுமதி உண்டு. நாலாம் தலைமுறையில் லினக்ஸ் நன்றாகவே ஓடும், விலையும் குறைவு. ஆனால் நாளைக்கு விண்டோஸ் 11க்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். மாடல் எண்ணை வைத்தும் கண்டுபிடிக்கலாம்: ஆப்டிபிளெக்ஸ் 3050 என்றால் ஆறு அல்லது ஏழாம் தலைமுறை, 3060 என்றால் எட்டு. எலைட்டெஸ்கில் ஜி4, திங்க்சென்டரில் எம்720, எம்920 பாருங்கள்.

கடைக்கு அந்த மின்ட் பென்டிரைவைக் கையோடு எடுத்துப் போங்கள். முதலில் கடைக்காரர் போட்டு வைத்திருக்கும் விண்டோஸில் செட்டிங்ஸ் போய் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிஜிட்டல் லைசன்ஸ் என்று இருந்தால் நல்லது. 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்' என்கிற பொருளில் ஏதாவது இருந்தால், அது உங்களுக்கான முறையான உரிமம் இல்லை; எந்த நிறுவனம் என்று கடைக்காரரிடமே கேளுங்கள், சிரிப்பார். விண்டோஸோடு வெளிவந்த பிராண்டட் பெட்டிகளில் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். நீங்கள் லினக்ஸ் போட்டாலும் அது அழியாது, பின்னால் அதே வகை விண்டோஸைப் போட்டால் தானாக எடுத்துக்கொள்ளும். பிராண்டட் பெட்டி வாங்குவதில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்.

அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை. டெல்லில் எஃப்2, ஹெச்.பி.யில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. உள்ளே போனதும் பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். பழைய அலுவலகத்தின் ஐ.டி. ஆட்கள் போட்டுவிட்டுப் போன பூட்டு அது. "அதெல்லாம் தேவைப்படாது சார்" என்பார்கள். தேவைப்படும். டெல் பெட்டிகள் பலவற்றில் டிஸ்க் அமைப்பு 'ரெய்டு ஆன்' என்று இருக்கும், அதை 'ஏ.ஹெச்.சி.ஐ.' என்று மாற்றாவிட்டால் லினக்ஸ் இன்ஸ்டாலரின் கண்ணுக்கு எஸ்.எஸ்.டி.யே தெரியாமல் போகலாம். பூட்டு இருந்தால் அதை மாற்ற முடியாது.

அப்புறம் பென்டிரைவிலிருந்து மின்ட்டை ஓட்டி, 'டிஸ்க்ஸ்' என்கிற செயலியில் டிஸ்கின் நிலையைச் சொல்லும் 'ஸ்மார்ட்' விவரத்தைத் திறங்கள். எஸ்.எஸ்.டி. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று இருக்கும். "புது எஸ்.எஸ்.டி. போட்டது" என்று சொன்ன பெட்டியில் ஆயிரக்கணக்கில் மணி நேரம் காட்டினால் விலையைப் பேச உங்கள் கையில் ஒரு பிடி கிடைத்த மாதிரி. சத்தம் வருகிறதா, எல்லா யு.எஸ்.பி. துளைகளும் வேலை செய்கின்றனவா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

ரேம் 8 ஜி.பி. போதும், 16 கிடைத்தால் வாங்கிவிடுங்கள். 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது லாபமில்லை. டிஸ்க் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. தாராளம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ள பெட்டி வேண்டவே வேண்டாம்.

எட்டாம் தலைமுறையின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் மைன்கிராஃப்டுக்குச் சமாளிக்கும். பின்னால் தனி கிராஃபிக்ஸ் கார்டு போடும் எண்ணம் இருந்தால் ஒல்லிப் பெட்டியை விட்டுவிட்டு டவர் வாங்குங்கள். ஒல்லிப் பெட்டியில் குட்டைக் கார்டுதான் நுழையும், பவர் சப்ளையும் சின்னது.

கடைக்காரர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு. ஒன்று, இந்தப் பெட்டிகள் பலவற்றில் வைஃபை கிடையாது. மோடத்திலிருந்து லேன் கேபிள் இழுத்துவிட்டால் நிம்மதி. யு.எஸ்.பி. வைஃபை துண்டுதான் வேண்டும் என்றால் கடையிலேயே மின்ட்டில் செருகி, வேலை செய்தால் மட்டும் காசு கொடுங்கள். இரண்டு, சிலவற்றில் மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருக்கும். உங்கள் மானிட்டரில் என்ன துளை என்று போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். யு.பி.எஸ். கண்டிப்பாக வேண்டும்; 600 வி.ஏ. போதும்.

மேக் மினி வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. எம்4 மாடல் 2024இல் 59,900 ரூபாய்க்கு வந்தது, மானிட்டர் தனி. அருமையான பெட்டி, தமிழ்த் தட்டச்சு முறைகளான தமிழ்99ம் அஞ்சலும் உள்ளேயே இருக்கின்றன. ஆனால் ரேமைக் கூட்ட முடியாது, விண்டோஸை நேரடியாகப் போடவும் முடியாது. வீட்டில் எல்லோரிடமும் ஐபோன் இருந்தால் யோசியுங்கள். மற்றவர்களுக்கு என் சிபாரிசு இல்லை.

லினக்ஸ் போட்ட பிறகு பிள்ளைக்குத் தனிக் கணக்கு திறங்கள், நிர்வாகி உரிமை கொடுக்காமல். 'டைம்கேபிஆர்-நெக்ஸ்ட்' என்கிற செயலியில் நாளுக்கு எவ்வளவு நேரம், எத்தனை மணி வரை என்று வரையறை போடலாம். நேரம் முடிந்ததும் அதுவே வெளியேற்றிவிடும், கெட்ட பெயர் நமக்கில்லை. நெட்வொர்க் அமைப்பில், இணையதளப் பெயருக்கு முகவரி தேடித்தரும் டி.என்.எஸ். இடத்தில் 1.1.1.3 என்று கொடுத்தால் ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவை திறக்காது. தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்ஸும் எம்17என் தொகுப்பும் போட்டால் தமிழ்99 வரும். சின்ன வயதிலேயே அதில் பழகட்டும். பாமினி என்கிற பழைய தட்டச்சு முறையில் பழகிய கை எனக்கு, மாற்றிக்கொள்ள என்ன பாடு என்று எனக்குத்தான் தெரியும்.

பழைய கணினியை அவசரப்பட்டு விற்க வேண்டாம். வீட்டில் கேனான் எல்பிபி2900 பிரிண்டர் இருந்தால் லினக்ஸில் அதற்கு டிரைவர் போடுவது பெரும்பாடு. அதுவும் பழைய விண்டோஸும் ஜோடியாக, நெட் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒரு மூலையில் கிடக்கட்டும். பிள்ளை பி.டி.எஃப். ஆக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தால் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். புதிதாகப் பிரிண்டர் வாங்குவதாக இருந்தால் ஹெச்.பி.யில் பாருங்கள், பெரும்பாலானவற்றை மின்ட் தானாகவே கண்டுகொள்ளும்.