ஹோமில் இருக்கும் அம்மாவுக்குத் துணி எடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்த முதல் வாரமே பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போய் ஆறு நைட்டி அள்ளிக்கொண்டு வந்தேன். பளபளவென்று இருந்தது, கசங்காத துணி, பச்சையிலும் ஊதாவிலும் பெரிய பெரிய பூ. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் "நல்லா வெச்சிருக்காங்க" என்று சொல்ல வேண்டும் என்கிற நினைப்பும் எனக்குள் இருந்தது. மூன்றாவது வாரம் ராத்திரி டியூட்டி பார்க்கிற ஆயா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க, அந்தப் பச்சை நைட்டியைக் கையில எடுத்தாலே அம்மா தட்டிவுடுறாங்க." அம்மாவுக்கு வலது தோள் ஏறாது. அந்த நைட்டிக்கு ஜிப்பும் இல்லை, கழுத்தும் சின்னது, இரண்டு கையையும் தூக்கித் தலைவழியாகத்தான் போட முடியும். தினமும் காலையில் என் அம்மா வலியில் கத்திக்கொண்டுதான் உடை மாற்றியிருக்கிறாள்.

அதனால் நான் முதல் தவறாகச் சொல்வது இதைத்தான்: உடுத்திவிடுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடைக்குப் போவது. எந்தக் கை மடங்காது, பாத்ரூமுக்கு நடந்து போகிறாரா, கட்டிலிலேயே எல்லாம் நடக்கிறதா, ராத்திரியில் டயப்பர் உண்டா, துணியை யார் எப்படித் துவைக்கிறார்கள் என்பதெல்லாம் ஆயாவுக்குத்தான் தெரியும். ஐந்து நிமிஷம் நின்று பேசினால் போதும்.

கேட்டபிறகு எனக்குப் புரிந்தவை சில. நைட்டி என்றால் முன்பக்கம் வயிறு வரைக்குமாவது ஜிப் இறங்க வேண்டும், கைக்குழி அகலமாக இருக்க வேண்டும். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்தவராக இருந்தால் போடும்போது முடியாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்க வேண்டும், அதற்கு இடம் கொடுக்கிற துணியாக இருந்தால்தான் அவருக்கு வலிக்காது. முழுக்கப் படுக்கையாகிவிட்டவருக்கு வேறு வழி இருக்கிறது. நைட்டியின் முதுகுப்பக்கத்தைக் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று மடிகிற மாதிரி இரண்டு பக்கமும் துணி சேர்த்துத் தைத்து, தோளில் மட்டும் ஒரு கட்டு வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். முன்பக்கமாகவே கையை நுழைத்துவிடலாம், ஆளைத் தூக்கி உட்கார வைக்க வேண்டியதில்லை. ஆல்டரேஷன் தைக்கிற எந்தக் கடையிலும் சொன்னால் செய்து கொடுப்பார்கள்.

அடுத்தது துணி. "காட்டன்தான் மேடம்" என்று சொல்லிக் கொடுப்பதில் பாதி கலப்பாக இருக்கிறது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிரும், பாலியெஸ்டர் உருகிக் கறுப்பாகக் கெட்டி உருண்டையாக நிற்கும். வயதாக ஆகத் தோல் மெலிந்துவிடுகிறது, வியர்ப்பதும் குறைகிறது, அதனால் உடம்புச் சூடு சீக்கிரம் வெளியே போகாது. நம்ம பக்கம் கடற்கரைப் புழுக்கத்தில், அதுவும் அக்னி நட்சத்திர நாளில் கரன்ட் போனால், அந்த வழவழ நைட்டிக்குள் இருப்பவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு மார்புக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் சிவந்து புண்ணாகி, மருந்து போட்டு ஆறுவதற்குப் பத்து நாள் ஆனது. பருத்தி வாங்கினாலும் அப்படியே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். வீட்டில் இரண்டு தண்ணீர் பார்த்துக் கஞ்சியையும் சாயத்தையும் போக்கிவிட்டுக் கொடுங்கள். சுருங்கும் என்பதால் ஒரு சைஸ் பெரிதாகவே எடுங்கள்.

உட்புறத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குவதும் தவறுதான். நாள் முழுக்கப் படுத்தோ சாய்ந்தோ இருப்பவருக்கு ஒரு தடித்த தையல், ஒரு பட்டன், முதுகுக்கடியில் சுருண்ட ஒரு மடிப்பு போதும், அந்த இடம் முதலில் சிவக்கும், கவனிக்காமல் விட்டால் படுக்கைப் புண்ணாகும். இடுப்பு எலும்பு, வால் எலும்பு, குதிகால், இந்த மூன்று இடத்திலும் தையலோ பட்டனோ படக்கூடாது. உள்பாவாடை நாடாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 50, 60 வருஷமாக ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி இடுப்பைச் சுற்றிக் கறுத்துப் போயிருக்கும், அங்கே தோல் ஏற்கெனவே நொந்துபோனது. நாடாவை உருவிவிட்டு அகலமான எலாஸ்டிக் போட்டுத் தையுங்கள், அதுவும் இரண்டு விரல் தாராளமாக நுழைகிற மாதிரி. சாக்ஸுக்கும் இதே கணக்குதான். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கும், எலாஸ்டிக் அறுப்பது அவருக்கே தெரியாது, கழற்றும்போது பள்ளம் விழுந்திருந்தால் அந்த சாக்ஸ் வேண்டாம்.

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு "சரி, எல்லாமே நைட்டி" என்று முடிவு செய்துவிடாதீர்கள், நான் அதைத்தான் செய்தேன், செய்ததிலேயே அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. என் அம்மா திருவொற்றியூரில் வெள்ளிக்கிழமை தவறாமல் வடிவுடையம்மனைப் பார்க்கப் போனவள், கல்யாணமான நாளிலிருந்து புடவையைத் தவிர வேறு கட்டியதில்லை. வீட்டில் இருந்த கடைசி வருஷம்தான் நைட்டிக்கு மாறினாள், அப்போதுகூட ஆம்பளைங்க யாராவது வந்தால் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வாள். இல்லத்தில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் போர்வையை இழுத்து மார்பில் போட்டுக்கொள்கிறாள் என்று ஆயா சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மெல்லிய காட்டன் துண்டு நான்கு வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அப்புறம் அவளுடைய பழைய சுங்குடிப் புடவை ஒன்றைத் தையல்காரரிடம் கொடுத்து, கொசுவத்தை மடித்துத் தைத்து, இடுப்பில் வெல்க்ரோ வைத்து வாங்கினேன். ஜாக்கெட்டில் கொக்கியை எடுத்துவிட்டு அதற்கும் வெல்க்ரோதான். மடங்காத விரலால் கொக்கி மாட்ட முடியாது, கடல்காற்றில் அது துரு ஏறிக் கறையும் வைக்கும். வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் தோலில் படாமல் தைக்கச் சொல்லுங்கள், துவைக்கும்போது ஒட்டி மூடிப் போடச் சொல்லுங்கள். இப்போது வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் புடவைதான்.

அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ எடுப்பவர்களும் இதையெல்லாம் பார்க்க வேண்டும். ஒட்டிக்கோ வேட்டி நல்ல வசதி. நடமாடுகிறவருக்கு லுங்கி முடிச்சு அவிழ்ந்து காலில் சிக்கும், அதனால் எலாஸ்டிக் வைத்த பைஜாமா மேல். ஆனால் யூரின் பை மாட்டியிருந்தால் லுங்கியை விட்டுவிடாதீர்கள். இறுக்கமான கால்சட்டை குழாயை நசுக்கும், பையும் எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். நைட்டியோ வேட்டியோ, கணுக்காலுக்கு மேலே ஒரு நான்கு விரல் தூக்கியே இருக்கட்டும், ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்புதான் உடையும். டைல்ஸ் தரையில் வெறும் சாக்ஸ் கூடாது. மார்கழிக் குளிருக்கு ஒரு தடி ஸ்வெட்டரைவிட இரண்டு மெல்லிய உடை நல்லது, அதிலும் மேலே போடுவது முன்பக்கம் திறப்பதாக இருக்கட்டும்.

பெயர் போடாமல் கொடுத்த துணி திரும்பி வராது. இது யார் குற்றமும் இல்லை, முப்பது பேர் துணியை ஒன்றாகப் போட்டுத் துவைக்கிற இடத்தில் ஒரே மாதிரி நைட்டி பத்து இருக்கும். வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுக்கிறவர்கள் அங்கே இருந்ததால்தான். எந்த வீட்டுத் துணி என்று தெரிய அந்தக் காலச் சலவைக்காரர்கள் சேங்கொட்டைச் சாற்றில் குறி போடுவார்கள், எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அது போகாது. ஆனால் சேங்கொட்டை தோலைப் புண்ணாக்கும், நாம் அதைத் தொட வேண்டாம். கலர் நூலில் கழுத்துப்பட்டியின் வெளிப்பக்கம் ஒரு எழுத்தும் கட்டில் நம்பரும் தைத்துவிட்டால் போதும். மார்க்கர் பேனா நாலு துவைப்பில் மங்கிவிடுகிறது. சாயம் போகிற துணி, பட்டு, இஸ்திரி கேட்கிற துணி எதையும் அங்கே விட்டுவைக்காதீர்கள், விசேஷத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டுக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

எத்தனை செட் வேண்டும்? சாதாரண நாளில் ஏழு, அடிக்கடி நனைந்துவிடுகிறது என்றால் பத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி இரண்டு நாளானாலும் காயாது, அந்த மாதங்களில் இன்னும் மூன்று சேர்த்துக் கொடுங்கள். ஈரம் போகாத உள்பாவாடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் புண் வரத்தான் செய்யும்.

ஒருமுறை வாங்கிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் அந்த அலமாரியைத் திறந்தே பார்க்காமல் இருப்பதும் தவறு. நான் மாதம் ஒருமுறை பார்க்கிறேன். எலாஸ்டிக் போனதையும் கிழிந்ததையும் எடுத்துவிடுவேன், அம்மாவை ஒன்றைப் போடச் சொல்லித் தோளைப் பார்ப்பேன். போன மாசி மாதம் சரியாக இருந்த நைட்டி சித்திரையில் தோளிலிருந்து நழுவியது. சின்ன சைஸ் வாங்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆயாவிடம் விசாரித்தபோது, பல்செட் சேராமல் ஈறு வலித்து அம்மா பாதிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிடுகிறாள் என்று தெரிந்தது. துணி திடீரென்று தொளதொளவென்று ஆனாலும், கணுக்கால் வீங்கிச் செருப்பு இறுகினாலும், கடைக்குப் போவதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.