டிஃபெண்டரில் கறள் இறுகிய புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளைக் கழற்றும் முறை

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் மரைன் டிரைவை ஒட்டி வாகனம் நிறுத்துபவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடற்காற்றில் வரும் உப்பு வாகனத்தின் அடிப்பகுதியை மெல்ல மெல்லத் தின்றுவிடும். என்னுடைய 300டிடிஐ எஞ்சின் லாண்ட் ரோவர் டிஃபெண்டரில் யூனிவர்சல் ஜொயின்ட்டை (ஷாஃப்ட் முனையில் உள்ள வளையும் மூட்டு) மாற்றுவதற்காக, பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை (பின் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) கழற்றப் போனால், இரண்டு பக்கமும் நான்கு நான்காக இருக்கும் நட்டுகளில் ஒன்றும் அசையவில்லை. காஸ் வைத்து வெட்டிவிடலாம் என்றார் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவர். வெட்டாமலேயே பெரும்பாலானவை வந்தன. பலத்தைவிடச் சரியான அளவு ஸ்பானரும் பொறுமையும்தான் இங்கே வேலை செய்கின்றன.

முதலில் வாகனம் உருளாமல் பார்க்க வேண்டும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். டிஃபெண்டரின் ஹாண்ட் பிரேக் சில்லுகளில் இல்லை. முன், பின் சில்லுகளுக்குப் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்பக்கம் ஒரு டிரம் இருக்கிறது, அதைத்தான் பிடிக்கிறது. அந்தப் பிடி பின் ஷாஃப்ட் வழியாகத்தான் பின் சில்லுகளுக்குப் போகிறது. அதனால் ஷாஃப்ட் கழன்றதும், ஹாண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து வைத்திருந்தாலும் வாகனம் உருளலாம். அந்த நேரத்தில் நீங்கள் அதன் அடியில் படுத்திருப்பீர்கள். அபார்ட்மென்ட் வாகனத் தரிப்பிடங்களில் தண்ணீர் வடிய ஒரு சிறு சரிவு விட்டிருப்பார்கள்; கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவே போதும். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் நல்ல கட்டை கொடுங்கள். செங்கல் வேண்டாம், உடையும்.

ஷாஃப்ட்டைச் சுற்றினால்தான் எல்லா நட்டுக்கும் கை எட்டும். ஒரு பின் சில்லை ஜக்கில் தூக்கி, அக்சிலுக்கு ஸ்டாண்ட் வைத்து, ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸை நியூட்ரலில் போட்டு, ஹாண்ட் பிரேக்கை விட்டால் ஷாஃப்ட் சுற்றும். வசதியான இடத்துக்கு வந்ததும் மறுபடி ஹாண்ட் பிரேக்கை இழுங்கள், ஷாஃப்ட் அசையாமல் நிற்கும். வெறும் ஜக்கை நம்பி அடியில் போகவே கூடாது.

முதல் நாள் இரவே எண்ணெய்

கம்பி பிரஷ்ஷால் மரையில் தெரியும் கறளையும் சேற்றையும் நன்றாகத் தேய்த்து எடுங்கள். பிறகு ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். எல்லோர் வீட்டிலும் டபிள்யூடி-40 இருக்கும். அது முதலில் ஈரத்தை விரட்டவென்று செய்யப்பட்டது, பெயரில் உள்ள டபிள்யூடி (வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்) அதைத்தான் சொல்கிறது. இறுகிய மரைக்கு நான் விரும்புவது ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்) எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்தது. இரண்டும் பிரிந்துவிடும், விடும்போதெல்லாம் குலுக்க வேண்டும். தீப்பிடிக்கும் பொருள், காற்றோட்டம் உள்ள இடத்தில்தான் பாவிக்க வேண்டும். இரவு விட்டு, காலையில் மறுபடி விட்டு, நட்டின் பக்கங்களைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும்.

அப்புறம், போல்ட் போட்டுச் சேர்த்திருக்கும் இரண்டு ஃபிளான்ஜ்களுக்கும் (தட்டுகள்) குறுக்காகப் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே நிலையில் வர வேண்டும்.

9/16 என்பது 14உம் இல்லை, 15உம் இல்லை

எனக்கு அதிக நேரம் எடுத்தது இந்த இடம். டிஃபெண்டர் ஷாஃப்ட் போல்ட் 3/8 அங்குல யூஎன்எஃப் (அங்குல அளவிலான நெருக்கமான) மரை, நட்டுக்கு 9/16 ஸ்பானர். அது 14.29 மி.மீ. நம்மிடம் இருப்பதெல்லாம் ஜப்பான் வாகனங்களுக்கான மில்லிமீட்டர் செட். 14 ஏறாது. 15 ஏறும், ஆனால் ஆடும். பலம் கொடுத்தால் நட்டின் மூலைகள் உருண்டுவிடும். உருண்ட பிறகு சரியான ஸ்பானர் வந்தும் பயனில்லை. பழைய சோனகத் தெருவில் தேடி ஒரு நல்ல 9/16 ரிங் ஸ்பானரும் சாக்கெட்டும் வாங்குங்கள். ஆறு முனை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு முனை, கறள் தின்ற நட்டில் வழுக்கும்.

கறள் தின்று நட்டே மெலிந்திருந்தால் கதை வேறு. அப்போது ஆறு முனை 14 சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றலாம். பிடித்துக்கொண்டால் விடாது. பழைய சாக்கெட்டைப் பாவியுங்கள், நட்டைத் திரும்ப வெளியே எடுப்பது அவ்வளவு சுலபமல்ல.

அடுத்த சிக்கல், யூனிவர்சல் ஜொயின்ட்டின் கை குறுக்கே நிற்பதால் சாதாரண சாக்கெட் நேராகப் போகாது. இதற்கென்றே சுவர் மெலிந்த, நீண்ட சாக்கெட் ஒன்று விற்கிறார்கள். இந்த வாகனத்தை வைத்திருக்கப் போகிறவர் அதை வாங்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. வேறு எந்த டூலும் இந்த வேலையை இவ்வளவு எளிதாக்கவில்லை.

மறுபக்கம் போல்ட் தலையை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு, நட்டை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி திருப்புங்கள். கறள் உடைந்து ஒரு சத்தம் வரும். பிறகு கழற்றும் பக்கம். நீளக் குழாய் மாட்டித் தொங்குவதைவிட, ஸ்பானர் நுனியில் சுத்தியலால் சுருக்கென்று அடிப்பது நல்லது. தொங்கினால் போல்ட் முறுகி உடையும்.

அசையாத நட்டுக்கு

சூடு காட்டுவது என் கடைசித் தெரிவுகளில் ஒன்று. பக்கத்திலேயே டிஃபின் (அக்சில் நடுவில் உள்ள டிஃபரென்ஷியல்) எண்ணெய் சீலும் ஜொயின்ட்டின் ரப்பர் சீல்களும் இருக்கின்றன, அசிட்டோன் மிச்சமும் இருக்கலாம். நைலொக் நட்டின் நைலோன் வளையம் உருகிப் புகை வரும், அதைச் சுவாசிக்காதீர்கள். மூடிய தரிப்பிடத்தில் காஸ் டோர்ச் கொளுத்தவே வேண்டாம்.

நட்டைப் பிளக்கும் நட் ஸ்பிளிட்டர் நுழைகிற இடமானால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் கிரைண்டரால் நட்டின் ஒரு பக்கத்தை மரைக்குச் சற்று வெளியே வரை வெட்டி, வெட்டில் உளி வைத்து ஒரு அடி கொடுங்கள். நட்டு பிளந்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

இறக்குவதும் பூட்டுவதும்

கடைசி நட்டைக் கழற்றும்போது ஷாஃப்ட்டைத் தாங்கிப் பிடியுங்கள், கனமானது. நடுவில் உள்ள சறுக்கும் பகுதியை இழுத்துப் பிரிக்காதீர்கள். பிரிந்தால் இரண்டு முனை யோக்குகளும் (ஜொயின்ட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே நேரில் வரும்படி திரும்பப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதிரும்.

பழைய போல்ட்டுகளைத் திரும்பப் போட வேண்டாம். புதிய ஹை டென்சைல் போல்ட், புதிய நைலொக் நட். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் 10 மி.மீ. போல்ட்டைக் காட்டி, துளையைக் கொஞ்சம் பெருப்பித்தால் சரி என்பார்கள். சம்மதிக்காதீர்கள். 3/8 என்பது 9.5 மி.மீ., ஃபிளான்ஜைத் துளைத்தால் அது பழையபடி வராது. இறுக்கம் 47 நியூட்டன் மீட்டர். காப்பர் கிரீஸை மரையில் பூசாமல், மரையில்லாத தண்டில் மட்டும் மெல்லப் பூசுங்கள். மரையில் பட்டால் அதே டோர்க்கில் நட்டு அளவுக்கு மிஞ்சி இறுகிவிடும்.

பிறகு சேர்த்தது: ஷாஃப்ட்டைக் கழற்றிய நிலையில் வாகனத்தை நகர்த்த முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முடியும். முன், பின் ஷாஃப்ட்டுகளைச் சேர்த்துப் பூட்டும் சென்டர் டிஃப் லாக் போட்டால் முன் சில்லுகளில் ஓடும். லாக் போடாவிட்டால், கழன்ற பக்கம்தான் சும்மா சுற்றும்.

இன்னொன்று, பஜெரோ வைத்திருப்பவர் கேட்டது. ஜப்பான் வாகனங்களில் பெரும்பாலும் 14 மி.மீ. ஸ்பானரே பொருந்தும், அளவுத் தொல்லை இல்லை. டோர்க்கை மட்டும் அந்தந்த வாகனத்தின் மெனுவலில் பாருங்கள், 47ஐ அப்படியே எடுக்காதீர்கள். பழைய ஜே40 லாண்ட் குரூசர்கள் பலவற்றில் ஹாண்ட் பிரேக் ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸில்தான் இருக்கிறது, அவர்களும் கட்டை வைக்காமல் தொடங்கக் கூடாது.