திருப்புகழ்மாலை: பொதுநிலையினர் செய்யும் தவறுகள்

"அது சாமியார்கள் சொல்ற செபமாச்சே, நமக்கு எதுக்கு?" நாளின் குறித்த வேளைகளில் விவிலியத்தின் திருப்பாடல்களை (சங்கீதங்களை) வைத்துக் கத்தோலிக்கத் திருச்சபை சொல்லும் செபமான திருப்புகழ்மாலையைப் பற்றிப் பேச்செடுத்தால் பங்குகளில் முதலில் வருகிற கேள்வி இதுதான். பங்குத்தந்தை பேருந்தில் போகும்போதுகூட ஒரு தடிமனான புத்தகத்தை விரித்து வாய்க்குள் முணுமுணுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அது சரியான எண்ணம் அல்ல. நானறிந்தவரை மற்றத் தவறுகளும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் போன எகேரியா என்ற பெண், அங்கே கண்டதை எழுதி வைத்திருக்கிறார். சேவல் கூவும் முன்பே உயிர்ப்புக் கோவிலின் கதவுகள் திறக்கப்படும்; துறவியரும் கன்னியரும் வருவார்கள்; அவர்களோடு விழித்திருக்க விரும்பும் பொதுநிலை (குருவோ துறவியோ அல்லாத) ஆண்களும் பெண்களும் வருவார்கள். அதாவது, விடியற்காலைத் திருப்பாடல்கள் அன்று ஊர் மக்களின் செபமாகவும் இருந்தன.

பிறகு நிலைமை மாறியது. செபத்தின் மொழியான இலத்தீன், மக்களின் பேச்சில் இருந்து விலகிப் போனது. கையால் எழுதிய நூல்கள் ஏழை எளியவர்களுக்கு எட்டாத விலை. மடங்களில் செபம் நீண்டுகொண்டே போனது. 150 திருப்பாடல்களை வாசிக்க இயலாதவர்கள் 150 முறை 'அருள் நிறைந்த மரியே' சொன்னார்கள். மரியாவின் திருப்பாடல் தொகுப்பு என்று செபமாலைக்கு ஒரு பழைய பெயர் இருப்பது இதனால்தான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, பொதுநிலையினரும் இதைச் செபிக்கும்படி ஊக்குவிக்கிறது: குருக்களோடு சேர்ந்தோ, தங்களுக்குள் கூடியோ, ஏன், தனியாகவோகூட. திருச்சபைச் சட்டத்தின் 1174-ஆம் எண், குருக்களுக்கு இது கடமை என்று சொல்லிவிட்டு, மற்ற விசுவாசிகளை ஆர்வத்தோடு அழைக்கிறது. முன்பு ஒரே வாரத்தில் சொல்லி முடிக்க வேண்டியிருந்த திருப்பாடல்களை நான்கு வாரங்களுக்குப் பரப்பி, தாய்மொழிகளுக்கும் இடம் கொடுத்து, திருத்திய நூலுக்குத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1970-இல் ஒப்புதல் அளித்தபோது, வேலைக்குப் போகிறவர்களுக்கும் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கும் வழி திறந்தது. 2001-இல் இரண்டாம் யோவான் பவுல் தம் புதன்கிழமை மறைக்கல்வி உரைகளில் காலை, மாலைத் திருப்பாடல்களை ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினார். அவர் விட்ட இடத்திலிருந்து பதினாறாம் பெனடிக்ட் தொடர்ந்து 2006-இல் முடித்தார். வத்திக்கானில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் சாதாரண மக்கள்.

என் மனநிலைக்குப் பொருந்தவில்லையே!

தொடங்கிச் சில வாரங்களில் பலர் நின்றுவிடுவதற்குக் காரணம் நேரமின்மை என்று சொல்வார்கள். உண்மைக் காரணம் வேறு. வீட்டில் மகளுக்கு நிச்சயதார்த்தம், எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று வெள்ளிக்கிழமை. படுக்கும் முன் சொல்லும் இரவு மன்றாட்டுக்குப் புத்தகத்தைத் திறந்தால் திருப்பாடல் 88 நிற்கிறது. வேதனைப் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, நண்பர்கள் எல்லாரும் விலகிவிட்டார்கள், இருள் ஒன்றே துணை என்று சொல்லி அப்படியே முடிந்துவிடும். "இன்னிக்குப் போய் இதையா?" என்று பக்கத்தைப் புரட்டி, மகிழ்ச்சியான வேறொரு பாடலைத் தேடுகிறோம்.

இப்படித் தேடிப் பிடிப்பதுதான் பெரிய தவறு. தனிப்பட்ட பக்தி முயற்சியில் நம் மனசுக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. இங்கே பேசுகிற வாய் நம்முடையது, குரல் கிறிஸ்துவின் முழு உடலுடையது. இந்தச் செபத்துக்கான பொது விளக்கவுரையே இதைத் தெளிவாகச் சொல்கிறது: திருப்பாடலைச் செபிப்பவர் தன் சொந்தப் பெயரில் அல்ல, கிறிஸ்துவின் உடல் முழுவதின் பெயரில் செபிக்கிறார். அப்படியானால் என் வீட்டில் நிச்சயதார்த்தம் நடக்கும் இரவில் அரசு மருத்துவமனையின் ஏதோ ஒரு வார்டில் விழித்துக் கிடப்பவருக்காக அந்த 88-ஆம் பாடலை நான் சொல்கிறேன். அவருக்கு அதைச் சொல்லத் தெம்பில்லாமல் இருக்கலாம், புத்தகம் இல்லாமல் இருக்கலாம், நம்பிக்கையே இல்லாமல் போயிருக்கலாம். நான் நொறுங்கிக் கிடக்கும் நாளில் வேறு யாரோ எனக்காக 'அல்லேலூயா' பாடிக்கொண்டிருப்பார்.

இதைத்தான் புனித அகுஸ்தீன் இன்னும் ஆழமாகச் சொன்னார். கிறிஸ்து நம் குருவாக நமக்காகச் செபிக்கிறார், நம் தலையாக நமக்குள் செபிக்கிறார், நம் கடவுளாக நம் செபத்தைப் பெற்றுக்கொள்கிறார் என்றார். சிலுவையில் தொங்கும்போது இயேசுவின் வாயில் வந்தவை 22-ஆம் திருப்பாடலின் முதல் வரியும், 'உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன்' என்ற 31-ஆம் திருப்பாடலின் வரியும். பின்னது ஒவ்வோர் இரவு மன்றாட்டிலும் நம் வாய்க்கு வருகிறது. பொதுநிலையினர் ஏன் இதைச் செபிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: திருமுழுக்குப் பெற்றவர் அந்த உடலின் உறுப்பு, உடல் செபிக்கும்போது உறுப்பும் செபிக்கிறது.

இதே தவறின் மறுபக்கமும் உண்டு. "இன்னிக்கு ஒண்ணும் உணர்வே வரலை, சும்மா வாசிச்சேன்" என்ற வருத்தம். மனம் ஒன்றுவதற்கு முயல வேண்டியதுதான். ஆனாலும் கண்ணீர் வராத செபம் வீண் என்று இந்தச் செபத்தைப் பற்றி எண்ணத் தேவையில்லை.

கடன் கணக்கு

ஆர்வத்தில் முதல் வாரமே எல்லா வேளையும் தொடங்குகிறவர்கள் உண்டு. மூன்றாம் வாரத்தில் காலைப் புகழ் (காலை வேளைச் செபம்) தவறிவிடும். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து காலை, நண்பகல், மாலை, இரவு எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்துக் 'கடனை அடைத்து' விட்டுப் படுப்பார்கள். வேண்டாம். இந்தச் செபத்தின் நோக்கமே நாளின் நேரங்களைப் புனிதப்படுத்துவது. சூரியன் மறைந்து நான்கு மணி நேரம் கழித்து, விடியலுக்கு நன்றி சொல்வதில் என்ன பொருள்? தவறியது தவறியதுதான், அடுத்த வேளையைச் செபியுங்கள். குருக்களைப் போலப் பொதுநிலையினருக்கு இது கட்டளை அல்ல, விட்டால் பாவமும் அல்ல. மூன்றாம் சபைகளில் (துறவற சபைகளோடு இணைந்த பொதுநிலையினர் சபைகளில்) இருப்பவர்கள் மட்டும் தங்கள் ஒழுங்கு சொல்வதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வத்திக்கான் சங்கம் இந்தச் செபம் சுழலும் இரண்டு கீல்கள் என்று சொல்வது காலைப் புகழையும் மாலைப் புகழையும். புதியவர்களுக்கு நான் சொல்வது அதையும்விட எளிது: இரவு மன்றாட்டிலிருந்து தொடங்குங்கள். பத்து நிமிடம் போதும். மனப்பாடமாகச் சொல்ல விரும்புகிறவர்கள் ஞாயிறு இரவுக்குரியதையே எல்லா நாளும் சொல்லலாம் என்று சலுகையும் இருக்கிறது. திருப்பாடல் 91-உம், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திச் சிமியோன் பாடிய பாடலும் மனப்பாடமாகிவிட்டால் மின்சாரம் போனாலும் செபம் நிற்காது.

புத்தகத்தில் வழி தவறுவது

எந்த வாரம் என்பதில்தான் முதல் குழப்பம். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, பொதுக்காலத்தின் முதல் வாரம், தவக்காலத்தின் முதல் ஞாயிறு, பாஸ்கா காலத்தின் தொடக்கம் ஆகியவற்றில் திருப்பாடல் வட்டம் மறுபடி முதல் வாரத்திலிருந்து ஓடும். பொதுக்காலத்தில் கணக்கு எளிது. வார எண்ணை நான்கால் வகுத்து மீதியைப் பாருங்கள். 23-ஆம் வாரம் என்றால் மீதி 3, ஆகவே மூன்றாம் வாரம். மீதியே இல்லையென்றால் நான்காம் வாரம். திருநீற்றுப் புதனுக்குப் பிறகு வரும் நாள்களும் நான்காம் வாரமே.

அடுத்தது சனிக்கிழமை மாலை. புத்தகத்தில் சனிக்கிழமைப் பக்கத்தைத் தேடித் தேடிக் களைத்து, அச்சுப்பிழை என்று முடிவு கட்டியவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமைக்கென்று மாலைப் புகழே கிடையாது. ஆண்டவரின் நாள் முந்திய மாலையிலேயே பிறந்துவிடுகிறது. எனவே ஞாயிறு பகுதியின் தொடக்கத்தில் முதல் மாலைப் புகழ் இருக்கும். முதல் வாரத்தில் அது திருப்பாடல் 141-உடன் தொடங்கும்: என் செபம் தூபம் போல் எழட்டும், உயர்த்திய கைகள் மாலைப் பலியாகட்டும். வாரம் முழுக்க வேலை பார்த்த கைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வரி இல்லை.

விவிலியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் சில வரிகள் காணவில்லை என்பார்கள். வேண்டுமென்றேதான் விடப்பட்டிருக்கின்றன. 58, 83, 109 ஆகிய மூன்று பாடல்களும் இந்த வட்டத்தில் இல்லை. 137, 139 போன்றவற்றில் பகைவரைச் சபிக்கும் வரிகள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன. இந்த நீக்கம் தேவைதானா என்று வல்லுநர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. கோபத்தைக் கடவுளிடமே கொட்டக் கற்றுத்தரும் வரிகளை இழந்துவிட்டோமே என்று எனக்கும் சில வேளை தோன்றும். இருந்தாலும் பொதுச் செபத்தில் நானாகச் சேர்த்துக்கொள்வதில்லை. சில பதிப்புகளில் ஒரே பாடலுக்கு 50 (51) என இரண்டு எண்கள் இருப்பதும் பிழை அல்ல; எபிரேய எண்ணிக்கையும் கிரேக்க, இலத்தீன் எண்ணிக்கையும் பெரும்பாலான பாடல்களில் ஒன்று முன்பின்னாக வரும்.

இன்னொரு சிறிய விஷயம். ஒவ்வொரு பாடலின் முடிவிலும் திரித்துவப் புகழ் சொல்லிப் பழகிய வாய், முதல், மூன்றாம் வார ஞாயிறு காலையில் தானியேல் நூலின் பாடலுக்குப் பிறகும் அதைச் சொல்லிவிடும். அங்கே தேவையில்லை. அந்தப் பாடலின் கடைசியிலேயே தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும் புகழ்ச்சி வந்துவிடுகிறது.

செபமாலையை ஓரங்கட்டுவது

திருப்புகழ்மாலை பிடித்துப்போனதும் சிலருக்குச் செபமாலை 'பாட்டிகள் சொல்வது' என்று இளப்பமாகிவிடுகிறது. இது நல்ல அறிகுறி அல்ல. 1974-இல் மரியன்னை பக்தி பற்றி எழுதிய ஆறாம் பவுல், குடும்ப செபம் எட்டக்கூடிய உச்சம் திருப்புகழ்மாலை என்றே சொன்னார். அதற்கு அடுத்துக் குடும்பம் கூடிச் சொல்லத்தக்க மிகச் சிறந்த செபங்களில் ஒன்று செபமாலை என்றும் அதே மூச்சில் சொன்னார். எட்டு மணிக்குச் செபமாலை சொல்லும் வீட்டில் அதை நிறுத்த வேண்டாம். ஆறு மணிக்கு மூவேளை செப மணி அடிக்கும்போது மாலைப் புகழைத் தொடங்கிப் பாருங்கள், இரண்டுக்கும் இடம் இருக்கும்.

குழுவாகச் செபிக்கும்போது

அன்பியக் குழுவில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவில்) இரு பக்கமாகப் பிரிந்து மாறி மாறிச் சொல்லும்போது, ஒரே ஒரு உரத்த குரல் முன்னால் ஓடும்; மற்றவர்கள் மூச்சிரைக்கத் துரத்துவார்கள். வரியின் நடுவே உடுக்குறி (*) அச்சிட்டிருந்தால் அது ஒரு மூச்சு நின்று போவதற்கு. ஒரு பக்கத்தார் முடித்ததும் மறு பக்கத்தார் உடனே தொடங்கலாம். ஆனால் உடுக்குறியில் எல்லாரும் சேர்ந்து நிற்க வேண்டும். இதை மாற்றிச் செய்வதால்தான் பல இடங்களில் செபம் சந்தைக் கூச்சலாகிறது. காலைப் புகழில் வரும் செக்கரியாவின் பாடலுக்கும் மாலைப் புகழில் வரும் மரியாவின் பாடலுக்கும் எழுந்து நின்று சிலுவை அடையாளம் வரைய வேண்டும். அவை நற்செய்தி வரிகள்.

குருவோ திருத்தொண்டரோ இல்லாதபோது வழிநடத்துகிறவர், எல்லாரிலும் ஒருவர்தான். அவர் பீடப் பகுதிக்குள் போக மாட்டார், 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்று வாழ்த்த மாட்டார், கையை விரித்து ஆசி வழங்க மாட்டார். முடிவில் 'உங்களை' என்று சொல்லாமல், 'ஆண்டவர் நம்மை ஆசீர்வதித்து, எல்லாத் தீமையிலிருந்தும் காப்பாராக' என்ற பொருளில் 'நம்மை' என்று சொல்லி, தன்மேலேயே சிலுவை வரைந்துகொள்வார். நல்லெண்ணத்தோடு செய்யும் ஆசிரியர்களும் உபதேசியார்களும்கூட இதில்தான் வழுக்குகிறார்கள்.

மன்றாட்டுகளில் சொந்தக் கருத்துகளைச் சேர்க்கத் தடையில்லை. மாலைப் புகழில் மட்டும் கடைசி மன்றாட்டு எப்போதும் இறந்தவர்களுக்கு உரியது. பரீட்சை எழுதும் பிள்ளை, அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் அண்ணன், வேலை தேடும் மருமகன் எல்லாரையும் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு நேராக 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே'.