யாழ்ப்பாணக் கோட்டையில் பிள்ளைகளோடு ஒரு காலை: தொண்டராகப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போனால் திருவிழா, கலியாண வீடு, காணி அலுவல் என்று நாள்கள் ஓடிவிடும். அதற்குள் இரண்டு காலைப்பொழுதை ஒதுக்க முடியுமென்றால், யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் ஓர் ஆசிரியருக்குக் கைகொடுங்கள். ஒரு முழு வகுப்பைத் தனியாகக் கூட்டிவருகிற ஆசிரியருக்கு, பிள்ளைகள் மதில் விளிம்புக்குப் போகாமல் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். பாடம் சொல்ல அவருக்குத் தெரியும். அவருக்குத் தேவை, எட்டுப் பத்துப் பிள்ளைகளோடு கூடநடக்கிற ஆள்கள்.

புறப்பட இரண்டு மாதம் இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். நீங்கள் படித்த பாடசாலை என்றால் அதிபரிடம் பேசுவது சுலபம். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். கோட்டை தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பதால் அவர்களுக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இந்தக் கடிதங்களைப் பாடசாலையே எழுதட்டும், நீங்கள் நேரே அலுவலகங்களுக்குப் போகாதீர்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் போகிறவர்கள், தங்கள் விசாவில் இப்படி உதவலாமா என்பதையும் முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நம்மில் பலர் போவது ஓகஸ்டில், அப்போது வழக்கமாகப் பாடசாலை விடுமுறை. ஆகவே தவணை நடக்கும் நாள்களைக் கேட்டறிந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

என் முதல் தடவையில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். ஆண்டுகளும் பெயர்களுமாக ஒரு நீண்ட பேச்சைத் தயார்செய்து கொண்டுபோனேன். பத்து மணி வெயில், நிழல் இல்லை. பிள்ளைகள் மரியாதைக்காக நின்றார்கள், கண்கள் எங்கோ இருந்தன. அப்போது அவர்களின் மிஸ் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, “இந்தக் கல்லை உத்துப் பாருங்கோ, என்ன தெரியுது?” என்று கேட்டார். சொரசொரப்பான முருகைக்கல், அதாவது பவளக்கல். மேலெல்லாம் சின்னச் சின்னப் பூப்போலக் குழிகள். “மிஸ், இது கடலுக்குள்ள இருந்ததோ?” என்றாள் அவள். அவ்வளவுதான், வகுப்பே மதிலோடு ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து நான் கல்லில்தான் தொடங்குகிறேன். கடலில் உயிரோடிருந்த பவளம் எப்படி மதிலானது? யார் வெட்டினார்கள், யார் சுமந்தார்கள்? அங்கிருந்து காலம் தானாக விரியும். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது, அவர்கள் கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்து ஐந்து மூலையும் ஐந்து கொத்தளமுமாக மாற்றிக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். நல்லூர்க் கோயிலை இடித்த கற்களும் இங்கே வந்தன என்று ஊரில் தலைமுறைகளாகச் சொல்வதையும் பிள்ளைகளே எடுத்துச் சொல்வார்கள். சொல்ல விடுங்கள். ‘இதை எப்படி உறுதிசெய்யலாம்?’ என்று அப்புறம் கேளுங்கள், அதுதான் வரலாற்றுப் பாடம்.

இதை ஒல்லாந்தர் கோட்டை என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள் என்பதுதான் என் பெரிய வேண்டுகோள். கோட்டைக்குள் நடந்த அகழாய்வுகளில் சீனப் பீங்கான் துண்டுகளும், ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய பானையோடுகளும் கிடைத்திருக்கின்றன. கப்பலில் பொருள் வந்து இறங்கிய கரை இது. நம் பிள்ளைகள் தங்கள் ஊரின் கதை 1619க்கு முன்பே தொடங்கியது என்பதை அந்த மண்ணில் நின்றே அறிய வேண்டும்.

1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் உள்ளே இடிபாடாகக் கிடக்கிறது. அது சிதைந்தது நம் காலத்துப் போரில். அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துங்கள். 1990இல் இந்தக் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையை நேரில் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளும் உங்கள் குழுவில் இருக்கலாம். ‘உங்கள் வீட்டில் யாருக்கு என்ன நடந்தது’ என்று கேட்கக் கூடாது. பிள்ளையே சொன்னால் கேளுங்கள், ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தரையில் பானை ஓட்டுத் துண்டு கிடந்தால் எடுக்காதீர்கள், பிள்ளைகளையும் எடுக்க விடாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அனுமதியில்லாமல் தோண்டுவதும் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் குற்றம். ஒரு துண்டுதானே என்று பைக்குள் போட்டால் விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். அதோடு, எடுத்த இடம் தெரியாமல் போன ஓடு ஆய்வாளருக்கும் உதவாது. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை முகநூலில் போடாதீர்கள். பணமோ சொக்கலேற்றோ நேரே கையில் கொடுக்காதீர்கள். கொடுக்க ஆசையென்றால் வரைதாள், பென்சில், பூதக்கண்ணாடி வாங்கிப் பாடசாலைக்குக் கொடுங்கள்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் வெளியே வந்துவிடுங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். வெயில் ஏறியதும் நடந்துபோகும் தூரத்திலேயே பொது நூலகம் இருக்கிறது. 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த அந்தக் கட்டடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து, பார்த்ததை வரையலாம், எழுதலாம். நேரமிருந்தால் இன்னொரு நாள் நாவலர் வீதித் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் போகலாம்.

உங்கள் சொந்தப் பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். தமிழ் தட்டுத்தடுமாறினால் பரவாயில்லை. ஒரே கல்லை இரண்டு பேர் சேர்ந்து வரையும்போது பேச்சு தானாக வரும். ஆனால் அவர்களை முன்னால் நிறுத்தி ‘லண்டன் அண்ணா, கனடா அக்கா’ என்று காட்சிப்படுத்தாதீர்கள். இரு தரப்பும் கூச்சப்படும்.

வரைந்த தாள்களை நினைவுக்கென்று எடுத்துக்கொண்டு வராதீர்கள். வகுப்பாசிரியரிடமே கொடுத்துவிடுங்கள், அடுத்த பாடத்தை அவர் அதிலிருந்துதான் தொடங்குவார்.