விண்டோஸ் சர்வரும் ஆன்சிபிளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கிற கருவியான ஆன்சிபிளுக்கு விண்டோஸ் ஆதரவு வந்தது 2014-இல், 1.7 பதிப்பில். அன்று எங்கள் செட் எழுதிய அதே சொதப்பல்களை இன்று புதிதாக வருகிற பிள்ளைகளும் வரி மாறாமல் எழுதுகிறார்கள். அவர்களுடைய ப்ளேபுக்குகளை (ஆன்சிபிள் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) பார்த்துத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி என்பதால் எரிச்சலும் எனக்குத்தான். பாஸ்வேர்டை கிட் ரெப்போவில் போடாதே, சோதிக்காமல் புரொடக்‌ஷனில் ஓட்டாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

## எல்லாவற்றையும் வின்_ஷெல்லில் கொட்டுவது

பழைய பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று கையில் இருக்கும். அதை அப்படியே, கொடுத்த கமாண்டை ஓட்ட மட்டும் தெரிந்த வின்_ஷெல் டாஸ்க்குக்குள் ஒட்டிவிட்டு, "ஆட்டோமேட் பண்ணியாச்சு" என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். பிற தவறுகளையெல்லாம் சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுத்துவிடுவேன். இதைப் பார்த்தால் மட்டும் இன்றும் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் இது முதல் நாள் எந்தத் தொந்தரவும் தராது. டாஸ்க் ஓடும், மஞ்சளில் 'சேஞ்ச்டு' என்று வரும், எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள்.

சிக்கல் இரண்டாவது ஓட்டத்தில் தொடங்குகிறது. ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்க்க ஒருவர் ஆட்-கன்டென்ட் கமாண்டை வின்_ஷெல்லில் வைத்திருந்தார். அந்த ப்ளேபுக் தினமும் ஷெட்யூலில் ஓடியது. பல மாதம் கழித்து டேட்டாபேஸ் சர்வரின் ஐபி மாறியபோது அந்த ஃபைலை நோட்பேடில் திறந்தோம். ஒரே வரி, பக்கம் பக்கமாக, கீழே உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. வின்_ஹோஸ்ட்ஸ் மாட்யூலாக (இந்த ஒரு வேலைக்கென்றே எழுதிய ஆன்சிபிள் துண்டு) இருந்தால், அந்த வரி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கும். வின்_ஷெல்லுக்கு அந்த அறிவு கிடையாது. நீங்கள் கொடுத்ததைச் செய்யும், செய்தபின் 'மாற்றிவிட்டேன்' என்று சொல்லும். உண்மையில் எதுவும் மாறாவிட்டாலும் அப்படித்தான் சொல்லும்.

இந்தப் பொய்க்கு உண்மையான விலை ஹேண்ட்லர் (ஒரு டாஸ்க் 'மாறியது' என்று சொன்னால் மட்டும் ஓடும் வேலை) வழியாக வரும். ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், பில்லிங் அப்ளிகேஷனில் வேலை செய்கிறவர்கள் மணிக்கொரு முறை லாகின் பக்கத்துக்குத் தூக்கியெறியப்பட்டார்கள். பாதி அடித்த பில் காணாமல் போகும். நெட்வொர்க் டீம் லோட் பேலன்சரைச் சந்தேகித்தது. டெவலப்பர்கள் செஷன் டைம்அவுட்டைக் கூட்டிப் பார்த்தார்கள். கவுன்டரில் இருந்த ஒரு பெண்தான், "சார், எப்பவும் மணி அடிச்ச கொஞ்ச நேரத்துலதான் போகுது" என்றார். சர்வரில் ஈவன்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் லாகைப் பார்த்தால், ஐஐஎஸ்ஸை (விண்டோஸின் வெப் சர்வர்) நிறுத்தச் சொன்ன யூசர் யார் என்று அதிலேயே எழுதியிருந்தது: ஆன்சிபிளுக்கென்று வைத்திருந்த சர்வீஸ் அக்கவுன்ட்.

நடந்தது இவ்வளவுதான். சும்மா இருந்தால் அப்ளிகேஷனை நிறுத்திவிடும் ஆப் பூலின் ஐடில் டைம்அவுட்டைப் பூஜ்யமாக்க ஒரு வின்_ஷெல் டாஸ்க். அது மாறினால் ஐஐஎஸ்ஸை ரீஸ்டார்ட் செய்ய ஒரு ஹேண்ட்லர். மதிப்பு முதல் நாளே பூஜ்யமாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு மணியும் வின்_ஷெல் 'மாறியது' என்று சொல்ல, ஹேண்ட்லரும் விசுவாசமாக ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருந்தது. செஷன் முழுக்க ஒர்க்கர் பிராசஸின் மெமரியில் இருந்ததால், ஒவ்வொரு முறையும் எல்லாருடைய செஷனும் காலி.

இன்னொரு பக்கமும் உண்டு. பவர்ஷெல்லில் பெரும்பாலான கமாண்டுகள் பிழை வந்தாலும் ஸ்கிரிப்டை நிறுத்தாது. சிவப்பில் புலம்பிவிட்டு அடுத்த வரிக்குப் போகும். நடுவில் ஒரு வரி தோற்று, கடைசி வரி ஒழுங்காக முடிந்தால் வின்_ஷெல்லுக்குக் கிடைக்கும் ரிட்டர்ன் கோடு பூஜ்யம். அதாவது வெற்றி. ஸ்கிரிப்டின் முதல் வரியில் எரர்-ஆக்‌ஷன்-பிரெஃபரன்ஸை 'ஸ்டாப்' என்று வைக்காதவர்களுக்கு இது தெரியவே தெரியாது. எக்ஸிஈ ஏதாவது ஓட்டினால் அந்த அமைப்பும் போதாது, எக்சிட் கோடைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

செக் மோடில் (எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்ப்பது) ஓட்டிப் பார்த்தோமே, எல்லாம் சரியாகத்தானே வந்தது என்பார்கள். செக் மோடில் வின்_ஷெல் ஓடாது, தாண்டிப் போய்விடும். ப்ளேபுக்கில் பாதிக்கு மேல் வின்_ஷெல் என்றால் நீங்கள் சோதித்தது மீதியைத்தான்.

சரி, என்ன செய்வது? முதலில் மாட்யூல் இருக்கிறதா என்று தேடுங்கள். ரிஜிஸ்ட்ரி, சர்வீஸ், ரோல்கள், பேக்கேஜ், ஐஐஎஸ் என்று அன்றாட வேலைகள் பெரும்பாலானவற்றுக்கு இருக்கிறது. மாட்யூல் இல்லாவிட்டால் டிஎஸ்சி (பவர்ஷெல்லின் சொந்த அமைப்புக் கருவி) ரிசோர்ஸ் இருக்கும், அதை வின்_டிஎஸ்சி வழியாக ஆன்சிபிளிலிருந்தே கூப்பிடலாம். அதுவும் இல்லை, ஸ்கிரிப்ட்தான் வழி என்றால் வின்_பவர்ஷெல்லுக்குப் போங்கள். மாற்றம் நடந்ததா இல்லையா என்று ஸ்கிரிப்டுக்குள்ளிருந்தே சொல்ல முடியும், பிழை வந்தால் நிற்கச் சொல்லவும் முடியும். இப்போதுள்ள மதிப்பைப் படி, வேண்டியதோடு ஒப்பிடு, வேறாக இருந்தால் மட்டும் எழுது. இந்த மூன்றும் இல்லாத ஸ்கிரிப்டை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

என்னிடம் ரிவ்யூவுக்கு வருகிறவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டிய அவுட்புட்டைக் காட்டுங்கள். இரண்டாவதில் 'சேஞ்ச்டு' பூஜ்யமாக இருக்க வேண்டும். "அது எப்பவும் மஞ்சளாத்தான் வரும் அண்ணா" என்ற பதிலோடு வருகிற ப்ளேபுக்கை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

## குரூப் பாலிசியோடு மல்லுக்கட்டுவது

ஒரு சர்வீஸைத் தனி டொமைன் அக்கவுன்டில் ஓட்ட வேண்டும். 'லாக் ஆன் ஆஸ் எ சர்வீஸ்' உரிமையை வின்_யூசர்_ரைட் வழியாகக் கொடுத்தாயிற்று, சர்வீஸ் எழுந்துவிட்டது. ஆனால் அதே உரிமைக்கு டொமைனில் ஏற்கெனவே ஒரு குரூப் பாலிசி (மையத்திலிருந்து எல்லா மெஷினுக்கும் வரும் விதிகள்) பட்டியல் வைத்திருக்கிறது. பாலிசி பட்டியல் வந்து உட்கார்ந்தால், நீங்கள் லோக்கலாகச் சேர்த்த பெயர் போய்விடும்.

உடனே போகாது என்பதுதான் இதன் வில்லத்தனம். மெம்பர் சர்வர்கள் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை கூடுதலாக, பாலிசியை எட்டிப் பார்க்கும். பாலிசியில் மாற்றம் இல்லையென்றால் வழக்கமாகத் திரும்ப எழுதாது. பாதுகாப்பு அமைப்புகள் மட்டும் விதிவிலக்கு; மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 16 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்ப எழுதப்படும். ஓடிக்கொண்டிருக்கிற சர்வீஸ் அப்போதும் விழாது. மாதாந்திர பேட்ச் போட்டு ரீபூட் ஆகும் இரவில்தான் 1069 பிழையோடு எழ மறுக்கும். லாகான் ஃபெயிலியர் என்று செய்தி வருவதால் எல்லாரும் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

எந்தெந்தப் பாலிசி வந்து சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஜிபிரிசல்ட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அந்த அமைப்பு எந்தப் பாலிசியிலாவது இருந்தால் அங்கேயே மாற்றுங்கள், ஆன்சிபிளிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு அமைப்புக்கு இரண்டு முதலாளி கூடாது. டிஎஸ்சி நேரடியாக ஓடும் சர்வரில் இது இன்னும் மோசம். ஆட்டோகரெக்ட் மோடில் வைத்திருந்தால் வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை அது தன் மதிப்பைத் திரும்ப எழுதும், பாலிசி தன்னுடையதை எழுதும், நீங்கள் எந்த நேரத்தில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

## ஷேரிலிருந்து இன்ஸ்டால் செய்ய 'ஆக்சஸ் டினைட்'

நேரில் லாகின் செய்தால் ஷேர் திறக்கிறது, ஆன்சிபிளில் திறக்கவில்லை என்பது டபுள் ஹாப். வின்ஆர்எம் (விண்டோஸைத் தூரத்திலிருந்து இயக்கும் வழி) மூலமாக சர்வருக்குள் வந்த உங்கள் அடையாளம் அங்கிருந்து மூன்றாவது மெஷினுக்குப் போகாது. அனுமதிகளைத் தளர்த்திக்கொண்டே போய் ஷேரை 'எவ்ரிஒன்'னுக்குத் திறந்துவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கிரெட்எஸ்எஸ்பி என்ற லாகின் முறையைப் போட்டால் வேலை நடக்கும், ஆனால் உங்கள் பாஸ்வேர்டே அந்த சர்வருக்குப் போய்ச் சேரும்; அட்மின் அக்கவுன்டில் அதைச் செய்ய நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இன்ஸ்டாலரை முதலில் சர்வருக்கு காப்பி செய்யுங்கள், அல்லது அந்த ஒரு டாஸ்க்குக்கு மட்டும் குறிப்பிட்ட யூசராக ஓட்டும் பிகம் ரன்ஆஸ் போடுங்கள்.

## ரீபூட்

எம்எஸ்ஐ இன்ஸ்டாலர் 3010 என்று திரும்பினால் அது பிழையில்லை. இன்ஸ்டால் ஆகிவிட்டது, ரீபூட் மட்டும் பாக்கி. வின்_பேக்கேஜுக்கு இது தெரியும், ரீபூட் தேவை என்று தனியாகச் சொல்லும். அதைப் பார்த்து வின்_ரீபூட் வையுங்கள்.

ஃபோர்க்ஸ் (ஆன்சிபிள் ஒரே நேரத்தில் எத்தனை சர்வரைத் தொடும் என்ற எண்) இயல்பாக 5, அதனால் எல்லாம் ஒன்றாக விழாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. குரூப்பில் இருப்பதே இரண்டு டொமைன் கண்ட்ரோலர் (டொமைன் லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்) என்றால் 5 என்பது 'இரண்டையும் சேர்த்து' என்றுதான் அர்த்தம். ஒன்றன்பின் ஒன்றாகப் போக, சீரியல் 1 என்று ப்ளேயிலேயே எழுதுங்கள். அப்புறம், வின்ஆர்எம் பதில் சொல்லிவிட்டது என்பதற்காக டொமைன் கண்ட்ரோலர் தயாராகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வின்_ரீபூட்டில் டெஸ்ட் கமாண்ட் கொடுக்க இடம் இருக்கிறது. பாலிசிகளைப் பகிரும் சிஸ்வால் ஷேர் வந்துவிட்டதா என்று அதில் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடச் சொல்லுங்கள்.

## டபுள் கோட்டுக்குள் பாத்

ப்ளேபுக் எழுதும் யாமலில் டபுள் கோட்டுக்குள் பேக்ஸ்லாஷும் ஆங்கில 'டி'யும் சேர்ந்தால் டேப், 'என்' சேர்ந்தால் புது வரி. டெம்ப் ஃபோல்டர் காணவில்லை என்ற புகாரில் பாதி இதுதான். சிங்கிள் கோட் போடுங்கள், அல்லது கோட்டே வேண்டாம்.

## கடிகாரம்

இரண்டு மெஷின்களின் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் கெர்பரோஸ் (டொமைனின் லாகின் முறை) பேசாது. முதலில் நேரத்தைப் பாருங்கள்.

## வின்ஆர்எம்மின் 5985 போர்ட்டில் பேசிக் ஆத் (பாஸ்வேர்டை நேரடியாக அனுப்பும் லாகின்)

வேண்டாம். டொமைன் அக்கவுன்டுக்கு அது வேலையும் செய்யாது. கெர்பரோஸ்.

## செட்எக்ஸ் கமாண்ட் கொண்டு பாத் வேரியபிளை மாற்றுவது

1024 எழுத்துக்கு மேல் வெட்டிவிடும். வின்_பாத் இருக்கிறது.

## வின்32_பிராடக்ட்

என்னென்ன சாஃப்ட்வேர் இருக்கிறது என்று பட்டியல் எடுக்க விண்டோஸின் இந்த உள் பட்டியலைக் கேட்காதீர்கள். கேட்ட மாத்திரத்தில் விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒவ்வொரு எம்எஸ்ஐ பேக்கேஜையும் சரிபார்க்கத் தொடங்கும், குறை தெரிந்தால் ரிப்பேரும் செய்யும். அப்ளிகேஷன் லாகில் 1035 வரிசையாக நின்றால் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று பொருள். ரிஜிஸ்ட்ரியின் அன்இன்ஸ்டால் கீயைப் படித்தால் அதே பட்டியல் சத்தமில்லாமல் கிடைக்கும். 32-பிட் சாஃப்ட்வேர்கள் வாவ்6432நோடுக்குக் கீழே தனியாக இருக்கும், அதையும் சேர்த்துப் படியுங்கள்.